கியர் மாத்தினா வண்டி ஏன் யோசிக்குது?

மக்களே, புது வண்டி வாங்கின அத்தனை பேரும் கேட்டிருக்கற வாக்கியம் ஒண்ணு உண்டு. "புது வண்டி சார், ரன்-இன் ஆகட்டும், எல்லாம் தானா சரியாயிடும்." வண்டி ஜெர்க் அடிக்குதா? ரன்-இன். கியர் விழ மாட்டேங்குதா? ரன்-இன். மைலேஜ் வரலையா? ரன்-இன். எந்தக் காய்ச்சலோட போனாலும் 'வைரல் ஃபீவர்'னு எழுதிக் குடுக்கற டாக்டர் மாதிரி.

இந்த வாக்கியம் பாதி உண்மை. அதுதான் பிரச்சினையே. முழுப் பொய்யா இருந்தா முதல் நாளே சண்டை போட்டுடலாம். கிலோமீட்டர் ஏற ஏற தானா சரியாகற கோளாறுகள் இருக்கு. கிலோமீட்டர் ஏற ஏற மோசமாகற கோளாறுகளும் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதினா எப்படி? எது எந்த வகைன்னு பிரிச்சுப் பார்க்க எனக்கு மூணு வாரமும், ஒரு ஸ்கேலும், தங்கமணியோட கோபமும் தேவைப்பட்டுச்சு. அதைத்தான் இங்க எழுதி வைக்கிறேன்.

வண்டி 160 சிசி ரகம். ஒரே சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், ஐந்து கியர், எஃப்.ஐ. எனப்படும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். (கம்பெனி பேரு கேட்காதீங்க. எந்தக் கம்பெனி வண்டியிலயும் நடக்கக்கூடிய விஷயம் இது.) சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசு பாதி, 24 மாச இ.எம்.ஐ. மீதி. வீடு மேடவாக்கம், ஆபீஸ் சோழிங்கநல்லூர். நடுவுல பெரும்பாக்கம், பஸ், ஷேர் ஆட்டோ, அப்புறம் தண்ணி லாரி. அந்தப் பக்கம் குடியிருக்கறவங்களுக்கு தண்ணி லாரின்னா என்னன்னு விளக்கவே வேண்டாம்.

முதல் இருநூறு கிலோமீட்டர்லயே ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சுது. ஒரே கியர்ல போயிட்டிருக்கும்போது வண்டி வெண்ணெய் மாதிரி போகும். கியர் மாத்தினா மட்டும் ஒரு தயக்கம். ரெண்டாவதுலேருந்து மூணாவது போட்டு, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கினா ஒரு கணம் ஒண்ணுமே வராது. அப்புறம் 'டொக்'குன்னு ஒரு இழுப்பு. கூப்பிட்டா உடனே திரும்பாம, நிதானமா "என்ன?"ன்னு கேட்கற பையன் மாதிரி.

அது எவ்வளவு நேரம்? அரை நொடின்னு வைங்க. அரை நொடியெல்லாம் ஒரு கணக்கான்னு கேட்கலாம். 40 கி.மீ. வேகத்துல வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகுது. அரை நொடிக்கு அஞ்சரை மீட்டர், அதாவது கிட்டத்தட்ட பாதி பஸ் நீளம். அந்தப் பாதி பஸ் நீளத்துக்கு வண்டி நம்ம பேச்சைக் கேட்காம, சும்மா உருண்டுட்டு இருக்கு.

ஒரு சனிக்கிழமை தங்கமணியைப் பின்னால உட்கார வெச்சு தாம்பரம் போயிட்டிருந்தேன். நின்னுட்டிருந்த பஸ்ஸைத் தாண்ட வலது பக்கம் ஒதுங்கி, மூணாவது போட்டு முறுக்கினா... வழக்கம்போல யோசனை. பின்னால தண்ணி லாரி. அந்த டிரைவர் அடிச்ச ஹாரன் காதுல இல்ல, முதுகுத்தண்டுல கேட்டுச்சு. ஒண்ணும் ஆகல. லாரி பிரேக் போட்டுது, நாங்க தாண்டிட்டோம். தோள்ல இருந்த கை மட்டும் தாம்பரம் வரைக்கும் இறுக்கமாவே இருந்துச்சு. இறங்கினதும் தங்கமணி ஒரே வரிதான் சொன்னாங்க: "வண்டி சரியாகற வரைக்கும் நான் பஸ்லயே போய்க்கறேன்." திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல!

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டர். முன்னாடி டேபிள்ல இருந்த தம்பிகிட்ட சொன்னேன், "கியர் மாத்தினா பிக்கப் இல்ல." அவர் ஜாப் கார்டுல 'பிக்கப் குறைவு'ன்னு எழுதினார். ஒரு பையன் வண்டியை எடுத்துட்டுப் போய் அந்தத் தெருவை ஒரு சுத்து சுத்தினான். வந்தான். 'டெஸ்ட் ரைடு ஓகே'ன்னு எழுதியாச்சு. "புது வண்டி சார், ரன்-இன் ஆகட்டும்..." மீதியை நீங்களே நிரப்பிக்கோங்க.

எங்க தொழில்ல இதுக்கு இணையா ஒரு வசனம் இருக்கு. டெஸ்டர் ஒரு பக் கொண்டு வருவாங்க. டெவலப்பர் ஓட்டிப் பார்த்துட்டு "என் மெஷின்ல வேலை செய்யுதே"ம்பார். அத்தோட டிக்கெட் குளோஸ். அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகினவனுக்கு இந்தப் பக்கம் உட்கார்றது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. ஊர்லேருந்து சித்தப்பா: "டேய், நாங்க ஓட்டின ஆர்.எக்ஸ்.100-ல முறுக்கினா கை திரும்பறதுக்குள்ள வண்டி போயிடும். இப்ப வர்றதெல்லாம் வண்டியாடா?" ஆபீஸ் நண்பர்: "எல்லாம் எத்தனால்தான் பாஸ், பெட்ரோலே சரியில்ல." பக்கத்து வீட்டு அங்கிள்: "பி.எஸ்.6 வந்ததுலேருந்தே இப்படித்தான் தம்பி." மூணு பேர் சொன்னதையும் உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தேன். மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம் விஷயம் இருக்கு. ஆனா ஒண்ணு கூட 'ஏன் கியர் மாத்தும்போது மட்டும்?'கற கேள்விக்கு முழுசா பதில் சொல்லல.

முதல்ல சித்தப்பா. ஆர்.எக்ஸ்.100 நம்ம ஊர்ல 1985-ல வந்து 1996-ல நின்னுபோன வண்டி. எடை நூறு கிலோவை ஒட்டி. டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் ஒவ்வொரு சுத்துக்கும் ஒருதடவை வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒருதடவைதான். கணக்குப் போட்டுப் பாருங்க: 6,000 ஆர்.பி.எம்.ல என் வண்டி நொடிக்கு 50 தடவை வெடிக்குது, 20 மில்லி நொடிக்கு ஒண்ணு. 2,000 ஆர்.பி.எம்.ல 60 மில்லி நொடிக்கு ஒண்ணு. ஆக இன்ஜின் மெதுவா சுத்தும்போது, நாம முறுக்கினதுக்கு அது பதில் சொல்ற வாய்ப்பே குறைச்சல். சித்தப்பா சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா அவர் வண்டி இனிமே வரப்போறதில்ல.

அடுத்தது எத்தனால். நம்ம பங்குகள்ல இப்ப 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கறதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான். மைலேஜ் கொஞ்சம் குறைய அது காரணமா இருக்கலாம். ஆனா பெட்ரோல்தான் குற்றவாளின்னா எல்லா நேரத்துலயும் இழுவை குறையணும். ஒரே கியர்ல மேடவாக்கம் மேம்பாலம் ஏறும்போது வண்டி சமர்த்தா ஏறுதே? பெட்ரோலுக்கு நாம கியர் மாத்தினது எப்படித் தெரியும்?

மூணாவது பி.எஸ்.6. இதை மட்டும் லேசுல தள்ள முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 கட்டாயம் ஆச்சு. பி.எஸ்.5-ஐத் தாண்டி, 4-லேருந்து நேரா 6-க்குக் குதிச்சாங்க. அதோட நம்ம ரக வண்டிகள்லேருந்து கார்ப்பரேட்டர் விடைபெற்று எஃப்.ஐ. வந்துச்சு. சைலன்ஸர் பக்கம் இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடிச்சு சொல்லும், ஈ.சி.யு.ங்கற கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காத்து. சீரா ஓடும்போது இந்தக் கணக்கை ஒட்டித்தான் ஈ.சி.யு. வண்டியை வெச்சிருக்கும். பழைய கார்ப்பரேட்டர் காலத்துல பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமா விட்டு ஓட்டலாம், முறுக்கினதும் வண்டி பாயும். இப்ப அந்தத் தாராளம் கிடையாது. இன்னொண்ணு, ஓடற வண்டியில ஆக்ஸிலேட்டரை முழுசா மூடினா பல எஃப்.ஐ. வண்டிகள்ல ஈ.சி.யு. பெட்ரோலையே நிறுத்திடும். திரும்பத் திறந்தா மறுபடி ஊத்த ஆரம்பிக்கும். அந்த இடத்துல லேசா ஒரு தயக்கம், ஒரு உதறல் இருக்கும். இது வண்டியோட பிறவிக்குணம். ரன்-இன் ஆனாலும் போகாது.

ஆனா ஒரே மாடல் வண்டி வெச்சிருக்கற இன்னொரு நண்பர்கிட்ட வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அதுலயும் தயக்கம் இருக்கு. ஆனா என் வண்டி அளவுக்கு இல்ல. 'டொக்'கும் இல்ல. அப்போ பிறவிக்குணத்துக்கு மேல என் வண்டியில மட்டும் ஏதோ ஒண்ணு இருக்கு. இதைக் கண்டுபிடிக்கணும்.

நம்ம வேலையில ஒரு பக்கம் திறக்க மெதுவா இருந்தா, 'சர்வர் ஸ்லோ'ன்னு பொத்தாம் பொதுவா சொல்லிட்டு உட்கார மாட்டோம். கோரிக்கை எந்த வழியா எல்லாம் போகுது, எந்த இடத்துல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு ஒவ்வொரு கட்டமா அளப்போம். வண்டிக்கும் அதே வைத்தியம். என் கை திரும்பறதுலேருந்து பின்சக்கரம் தள்ளறது வரைக்கும் என்னென்ன கட்டம்? கை, ஆக்ஸிலேட்டர் கேபிள், காத்து போற வாசல், இன்ஜின், கிளட்ச், கியர் பெட்டி, செயின், சக்கரம். எட்டு.

பிரிக்கறதுக்கு முதல் கேள்வி ரொம்ப சிம்பிள். தயங்கற நேரத்துல இன்ஜின் சத்தம் என்ன பண்ணுது?

சத்தம் சீக்கிரமா ஏறிடுது, வண்டி மட்டும் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. லீவரோட நுனி கொஞ்ச தூரம் சும்மா ஆடணும். என் வண்டி கையேட்டுல 10 முதல் 15 மி.மீ. அந்த ஆட்டமே இல்லேன்னா கிளட்ச் பிளேட்டுகள் முழுசா கவ்வாது. இது ரன்-இன்ல சரியாகாது, பிளேட் தேய்ஞ்சு செலவு வைக்கும். என் வண்டியில அளந்தேன், 12 மி.மீ. நாலாவது கியர்ல நிதானமா போய்ட்டு முழுசா முறுக்கினா சத்தமும் வேகமும் கைகோத்துதான் ஏறுது. கிளட்ச் நிரபராதி.

சத்தமே ஏறலைன்னா கோளாறு அதுக்கு முன்னாடி இருக்கு: கேபிள், காத்து, பெட்ரோல்.

சத்தம் கனமா, 'கட கட'ன்னு அடிவயித்துலேருந்து முனகற மாதிரி வந்தா, வேகம் போதாம பெரிய கியர் போட்டிருக்குன்னு அர்த்தம். இங்கதான் ஒரு வேடிக்கை. கையேடு சொல்லுது: முதல் 1,000 கி.மீ. வரைக்கும் 5,000 ஆர்.பி.எம். தாண்டாதே. மீட்டர்ல இருக்கற பச்சை விளக்கு சொல்லுது: சிக்கனமா ஓட்டு, சீக்கிரமா மேல் கியர் போடு. ரெண்டு பேச்சையும் கேட்டு 3,500-ல ரெண்டாவதுலேருந்து மூணாவதுக்குப் போனா, இன்ஜின் 2,600 பக்கம் வந்து விழும். இந்த ரக இன்ஜினோட நல்ல இழுவையெல்லாம் அதுக்கு ரொம்ப மேலதான் இருக்கு. ஆக, ரன்-இன் கட்டுப்பாடே பாதி 'பிக்கப் இல்ல' உணர்வைக் கொண்டு வருது! 4,500 வரைக்கும் இழுத்து மாத்திப் பார்த்தேன். கட்டுப்பாட்டுக்கு உள்ளதான். தயக்கம் கொஞ்சம் குறைஞ்சுது. ஆனா 'டொக்' போகல.

அப்ப மிச்சம் இருக்கறது ரெண்டு நுனி. ஆரம்பத்துல கேபிள், கடைசியில செயின்.

ஸ்கேலை எடுத்தேன். இன்ஜினை அணைச்சுட்டு, ஆக்ஸிலேட்டர் பிடியோட ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு, கேபிள் இறுகி லேசா எதிர்க்கற வரைக்கும் மெதுவா திருப்பினேன். கையேட்டுல 2 முதல் 6 மி.மீ. என் வண்டியில 9. அதாவது ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் முதல் 9 மி.மீ. வெறும் கை வீச்சுதான். இன்ஜினுக்கு அந்தச் சேதியே போகல.

அடுத்து செயின். வண்டியை நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினோட நடுவுல மேலயும் கீழயும் தள்ளி அளந்தேன். கையேட்டுல 20 முதல் 30. என் வண்டியில 45. இதை ஒரே இடத்துல அளந்து நம்பக்கூடாது, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உருட்டி நாலஞ்சு இடத்துல அளக்கணும். எல்லா இடத்துலயும் 40-க்கு மேலதான்.

இப்ப புரிஞ்சுது ஏன் கியர் மாத்தும்போது மட்டும்னு. ஒரே கியர்ல முறுக்கிப் பிடிச்சுப் போகும்போது கேபிள் இறுக்கமா இருக்கு. செயினோட மேல்பக்கம் விறைப்பா இருக்கு. தொய்வெல்லாம் ஏற்கெனவே எடுபட்டாச்சு. அதனால இன்னும் கொஞ்சம் முறுக்கினா உடனே சக்கரத்துக்குப் போகுது. கியர் மாத்த ஆக்ஸிலேட்டரை மூடின உடனே எல்லாம் தலைகீழ். கேபிள் தொளதொளன்னு ஆகுது. செயினோட மேல்பக்கம் தொய்யுது. கியர் பெட்டிக்குள்ள, கியர்களோட பக்கவாட்டுல இருக்கற மொட்டுகள் அடுத்த கியரோட பள்ளத்துல போய் மாட்டணும். அங்கயும் ஒரு இடைவெளி இருக்கும், அது இல்லாட்டி கியரே விழாது. திரும்ப முறுக்கினா இந்தத் தொய்வெல்லாம் ஒண்ணொண்ணா எடுபடணும். முதல்ல கேபிள், அப்புறம் கியர் மொட்டு, அப்புறம் செயின். கடைசியா செயின் விறைக்கும்போது வர்றதுதான் அந்த 'டொக்'.

ஒவ்வொண்ணும் தனித்தனியா சின்னது. ஆனா வரிசையா நிக்குது. அரசு அலுவலகத்துல ஒரு ஃபைல் எட்டு மேசை தாண்டற மாதிரி. எந்த மேசையிலயும் அதிக நேரம் இல்ல சார்ன்னு எல்லாரும் சொல்வாங்க. ஃபைல் மட்டும் வந்து சேராது.

இதுல ரன்-இன் எங்க வருது? ரன்-இன் உண்மைதான். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோட பழகும், கியர்கள் வழுவழுப்பாகும், கிளட்ச் பிளேட்டுகள் படியும். அதெல்லாம் கிலோமீட்டர் போகப் போக நல்லதுக்குப் போற விஷயங்கள். ஆனா கேபிளும் செயினும் அப்படி இல்ல. புது கேபிள் ஓட ஓடத் தொய்யும். புதுச் செயின் ஆரம்ப நாட்கள்லதான் சீக்கிரமா தளரும். ஆக, 'ரன்-இன் ஆகட்டும்'னு காத்திருந்தா என் கோளாறு குறையாது, வளரும். அந்தத் தம்பி எழுதிக் குடுத்த மருந்து, இந்த நோயை வளர்க்கற மருந்து!

சும்மா மனசுக்குத் தோணுதுன்னு போய் நிக்கக்கூடாதுன்னு ஒரு சோதனையும் பண்ணினேன். போன்ல நொடிக்கு 240 படம் எடுக்கற ஸ்லோமோஷன் இருக்கே, ஒரு படத்துக்கு 4 மில்லி நொடி சொச்சம். வண்டியை நியூட்ரல்ல நிறுத்தி, சூடு ஏறினப்புறம், வழக்கமா திருப்பற வேகத்துல முறுக்கி, கை அசைய ஆரம்பிச்ச படத்துலேருந்து இன்ஜின் சத்தம் மாறற படம் வரைக்கும் எண்ணினேன். அஞ்சு தடவை. சராசரியா 60 படம், கால் நொடி. (மீட்டர்ல வர்ற எண்ணை நம்பாதீங்க. டிஜிட்டல் மீட்டர் தானே ஒரு சோம்பேறி.) கால் நொடி இங்கயே போச்சு. மீதி செயின் பக்கம், வண்டி ஓடும்போதுதான் தெரியும்.

ரெண்டாவது தடவை சர்வீஸ் சென்டர் போனப்ப 'பிக்கப்'ங்கற வார்த்தையையே வாயில எடுக்கல. ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுத்தேன். "2-லேருந்து 3-க்கு மாத்தி முறுக்கினால் அரை நொடி தாமதம், பிறகு 'டொக்'. ஆக்ஸிலேட்டர் ஃப்ரீ பிளே 9 மி.மீ., கையேட்டில் 2–6. செயின் தொய்வு 45 மி.மீ., கையேட்டில் 20–30. கிளட்ச் சரி." டேபிள் தம்பி அதைப் படிச்சுட்டு என்னை ஒரு மாதிரியா பார்த்தார். இதை அப்படியே ஜாப் கார்டுல எழுதணும்னு கேட்டேன். எழுதினார்.

காகிதம் உள்ள போச்சு. உள்ளேருந்து வயசான மெக்கானிக் ஒருத்தர், கையைத் துடைச்சுக்கிட்டே வந்தார். வண்டியை ஸ்டார்ட் கூட பண்ணல. பிடியை ரெண்டு விரலால ஆட்டிப் பார்த்தார். குனிஞ்சு செயினைத் தட்டினார். "டெலிவரிக்கு முன்னாடியே பார்த்திருக்கணும் தம்பி இதை. நிறைய வண்டி வெளிய போற நாள்ல விட்டுப்போயிடும்"னு தலையை ஆட்டினார். "அண்ணே, போன வாரம் ரன்-இன்ல சரியாயிடும்னு சொன்னாங்களே?"ன்னேன். அவர் டேபிள் பக்கம் திரும்பாமயே சொன்னார்: "ரன்-இன்ல செயின் ஏன் தம்பி இறுகுது? அது என்ன புது செருப்பா?"

இருபது நிமிஷ வேலை. கேபிள்ல இருக்கற லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருப்பினார். 3 மி.மீ.ல நிறுத்தினார். இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை முழுக்க இடது, முழுக்க வலது திருப்பி, சத்தம் ஏறலைன்னு உறுதி பண்ணினார். இது ரொம்ப முக்கியம். கேபிளை அதிகமா இறுக்கிட்டா யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தானா சீறும். அப்புறம் பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி செயினை இழுத்து 25-ல வெச்சார். செயினையும் அதிகமா இறுக்கக்கூடாது. ஆள் உட்கார்ந்து பள்ளத்துல இறங்கும்போது அது இன்னும் விறைக்கும், பேரிங் போயிடும். கடைசியில பிரேக்கை அழுத்திப் பார்த்துட்டு சாவியைக் குடுத்தார். காசு எதுவும் வாங்கல.

பலன்? ஸ்லோமோஷன்ல 60 படம் 30 ஆச்சு. 'டொக்' போச்சு. தயக்கம் முழுசா போச்சான்னா, இல்ல. எஃப்.ஐ. வண்டியோட பிறவிக்குணம்னு சொன்னேனே, அது அப்படியே இருக்கு, நண்பரோட வண்டி அளவுக்கு. 1,000 கி.மீ. தாண்டி ஆர்.பி.எம். கட்டுப்பாடு போனப்புறம், 5,000 தாண்டி இழுத்து மாத்தும்போது அதுவும் பெருசா தெரியல. மிச்சத்தோட வாழலாம். எது வண்டியோட குணம், எது யாரோ விட்டுப்போன வேலைன்னு தெரிஞ்சப்புறம், குணத்து மேல கோபம் வர்றதில்ல.

தங்கமணிகிட்ட ஸ்லோமோஷன் கணக்கெல்லாம் விளக்கினேன். 60 படம், 30 படம்... பொறுமையா கேட்டுட்டு, "சரி, நல்லது"ன்னு சொல்லிட்டு மறுநாளும் பஸ்லதான் போனாங்க. பயம் செயின் மாதிரி இல்ல, நட்டைத் திருப்பினா இறுகறதுக்கு. மூணாவது வாரம் ஒருநாள் சாயங்காலம், பஸ் வராம நாப்பது நிமிஷம் நின்னுட்டு போன் பண்ணினாங்க. பெரும்பாக்கத்துல ஒரு பஸ்ஸைத் தாண்டினேன். தோள்ல கை இருந்துச்சு, ஆனா இறுக்கமா இல்ல. நான் ஒண்ணும் சொல்லல, அவங்களும் சொல்லல.

அதனால மக்களே, புது வண்டி எடுக்கப் போறவங்க சாக்லேட் டப்பாவோட, போட்டோவுக்குச் சிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. ஆக்ஸிலேட்டர் பிடி எவ்வளவு சும்மா திரும்புது, கிளட்ச் லீவர் எவ்வளவு சும்மா ஆடுது, செயின் எவ்வளவு தொங்குது. மூணு எண்ணும் கையேட்டுல இருக்கு, மாடலுக்கு மாடல் மாறும், உங்க வண்டியோடதைப் பாருங்க. ஐந்நூறு கிலோமீட்டர்ல இன்னொரு தடவை பாருங்க. யாராவது "ரன்-இன் ஆகட்டும்"னா, சண்டை வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது ஓட ஓட இறுகற விஷயமா, தளர்ற விஷயமா அண்ணே?"

உங்க வண்டி எந்த கியர்ல யோசிக்குது?